எங்கள் லயத்துக்கு ஒரு அட்ரஸ்

போன வருஷம், மழைக்காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல். ராகலைக்குப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது.

என் வீட்டுக்காரர், நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால் விறகு வெட்டப் போனார். குளவிக்கூடு கலைந்துவிட்டது. தலை, முகம், கழுத்து எல்லாம் கொட்டிவிட்டது. நாத்தனாரும் நானும் தூக்கிவந்து படுக்கவைத்தோம். முகம் வீங்கிக் கண் மூடிப்போனது. மூச்சு இழுக்க ஆரம்பித்தது.

லீவு நாள். தோட்டத்து லொறி இல்லை. ஓட்டோக்காரரும் டவுனுக்குப் போயிருந்தார். அம்புலன்சுக்கு போன் போட்டேன்.

எடுத்த பெண் நன்றாகத் தமிழ் பேசினாள். அட்ரஸ் கேட்டாள். தோட்டத்துப் பேரைச் சொன்னேன். எங்களுக்கு அட்ரஸ் என்றால் அவ்வளவுதான். பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் அதைத்தான் எழுதுவார்கள். சண்டை வந்தால் மட்டும், ‘அட்ரஸ் இல்லாம பண்ணிடுவேன்’ என்று கத்துவார்கள். இருந்தால்தானே இல்லாமல் பண்ண.

வீட்டு நம்பர் கேட்டாள். இல்லை என்றேன். ரோட்டுப் பேர் கேட்டாள். அதுவும் இல்லை. பக்கத்தில் என்ன இருக்கிறது என்றாள். தேயிலைதான் என்றேன். அவள் மேல் தப்பில்லை. இந்த மலையில் எங்கே திரும்பினாலும் தேயிலையும் லயமும்தான். வண்டிக்காரர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்?

நாத்தனார் அழுதாள். நானும் அழுதால் ஆள் போய்விடும் என்று தோன்றியது. போனில் சொன்னேன்.

“ராகலையில இருந்து நுவரெலியா ரோட்டுல வரச் சொல்லுங்க. தோட்டத்து ரோடு பிரியிற முடக்குல, மஞ்சப் படங்க ஆட்டிக்கிட்டு நான் நிப்பேன். அதான்மா அட்ரஸ்.”

“சரி அக்கா. போய் நில்லுங்க. அனுப்புறேன்.”

கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கை எடுத்துக்கொண்டு குறுக்குப் பாதையில் இறங்கி ஓடினேன்.

ரோட்டில் ஒரே பனிமூட்டம். மரக்கறி லொறி ஒன்று என்னை இடிக்கிற மாதிரி வந்து நின்றது. சிங்கள டிரைவர். முதலில் ஏசினார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னேன். லொறியை ஓரம் கட்டி, முன்னாலும் பின்னாலும் லைட்டை மின்ன விட்டார். இறங்கி என் பக்கத்தில் நின்றார். லொறி நிறைய முட்டைக்கோவா. சந்தைக்குப் போகிற அவசரம் அவருக்கும் இருந்திருக்கும். போகச் சொன்னேன். போகவில்லை. பனிக்குள் அந்த லைட்டைப் பார்த்துத்தான் அம்புலன்ஸ் வேகத்தைக் குறைத்தது. நான் முன்னால் ஏறி வழி காட்டினேன். அந்த மனிதரின் பேரைக்கூடக் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். வீட்டுக்காரர் பிழைத்தார். இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தால் கஷ்டம் என்றார் டொக்டர்.

வீட்டுக்காரர் எழுந்து நடமாடியதும் பெயின்ட் வாங்கினேன். லயத்துக் கதவு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நம்பர் போட்டேன். ரோட்டு முடக்குக்கு, தோட்டத்துப் பேரோடு ஒரு பலகை. தமிழில் நான் எழுதினேன். சிங்களத்தில் டவுன் கடைக்காரர் எழுதிக் கொடுத்தார். பக்கத்து வீட்டு அண்ணன் வாசலில் நின்று சிரித்தார்.

“என் கதவுக்கு மட்டும் வேணாம் தங்கச்சி. நம்பரப் பாத்து மாமியா நேரா வந்துரும்.”

அவர் கதவுக்கும் போட்டேன்.

தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வந்தார். மேனேஜர் தொரையைக் கேட்காமல் லயத்துச் சுவரில் எப்படிக் கை வைக்கலாம் என்றார்.

“கேட்டுட்டு வாங்க ஐயா. அதுக்குள்ள நான் எழுதி முடிச்சிடுறேன்.”

போனார். அழிக்கச் சொல்லித் திரும்பி வரவில்லை.

மழையில் பலகை மங்கும். நான் திரும்பவும் பூசுவேன். மனுஷன் விழுந்து கிடக்கும்போது, உதவிக்கு வருகிறவர்களுக்கு நம் வாசல் தெரியவேண்டும். அட்ரஸ் என்றால் எனக்கு இப்போது அதுதான்.