தரையில் வைத்த பம்பு

என் முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தண்ணீர் இலாகாவில் குமாஸ்தாவாக இருந்த எனக்கு, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று தெரியாது.

எங்கள் ஆபீஸ் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி, மெர்டேக்கா என்ற சுதந்திர விழாவைப் பார்க்கக் கோலாலம்பூர் போனபோது, தம் இரண்டு தங்கமீன்களைத் தொட்டியோடு காஜா பெராங்கில் என் வீட்டில் விட்டுப்போனார். என் வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் அவர் கையெழுத்துக்குக் காத்திருந்தது. மீன்களைவிட எனக்குத்தான் மூச்சு முட்டியது.

அவருடைய பழைய பம்பு காற்றை ஊதி, தொட்டிக்குள் இருந்த கரிப்பெட்டி வழியாகத் தண்ணீரைச் சோம்பலாகத்தான் வடிகட்டியது. அவரை அசத்திவிட நினைத்துப் பண்டார் ஹிலிர் மீன்தொட்டிக் கடைக்கு ஓடினேன்.

"தொட்டி எத்தனை காலன், தம்பி?" என்றார் கடைக்கார பாய்.

"அதெல்லாம் எதுக்கு பாய்? இருக்கிறதிலேயே பெருசக் கொடுங்க."

"சின்னதே போதும். எதை வாங்கினாலும் தண்ணி மட்டத்துக்கு மேல வைங்க."

பழையதைக் கடையிலேயே கொடுத்துவிட்டுப் பெரியதைத்தான் வாங்கினேன். அது அரிசி ஆலை மாதிரி அலறியது. மனைவி முறைத்தாள்; தொட்டி இருந்த மேசைக்கடியில் தரையில் வைத்தேன்.

வீட்டில் ஒரே ஒரு ப்ளக். சுதந்திரப் பிரகடனம் கேட்க, பம்பைப் பிடுங்கிவிட்டு வானொலியை மாட்டினேன். வானொலியில் கத்திய கூட்டத்தோடு நானும் எழுந்து நின்று "மெர்டேக்கா!" என்று கத்திக்கொண்டிருந்தபோது மனைவி வந்தாள்.

"என்னங்க, கால் நனையுது?"

காற்றுக்குழாய் வழியே தண்ணீர் திரும்பி இறங்கி, பம்புக்குள் புகுந்து தரையெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டியில் மிச்சம் இரண்டு அங்குலம். மீன்கள் பக்கவாட்டில் சாய்ந்து வாய் பிளந்தன. குழாயை உருவிப் போட்டுவிட்டு, பம்பை மறுபடி மாட்ட ப்ளக்கிடம் பாய்ந்தேன்.

"தொடாதீங்க! பம்பு பூரா தண்ணி!"

வாளியோடு பைப்படிக்கு ஓடினேன்.

"பைப்புத் தண்ணியா? உங்க ஆபீசுல அதுல குளோரின் மருந்து போடுறது மறந்துபோச்சா? கொன்னுடாதீங்க!"

பக்கத்து வீட்டுக் கிணற்றில் இறைத்து ஊற்றினோம். ஒரு மீன் நிமிர்ந்தது. மற்றது அசையவில்லை; செவுள் மட்டும் எப்போதாவது விரிந்தது. வேறு வழி? ரப்பர் குழாயின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து ஊதினேன். தலை சுற்றியது. நிறுத்தினால் செவுளும் நின்றுவிடுமோ என்று பயம். சாயங்காலம் வரை ஊதினேன்.

ஊதிக்கொண்டிருக்கும்போதே, கோலாலம்பூரிலிருந்து திரும்பி வாசலில் பெரிய கிராணி. குழாயைக் கவ்வியிருந்த என்னையும், சாய்ந்து கிடந்த மீனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பொது விடுமுறை சார், அதுவும் கொஞ்சம் படுத்திருக்கு" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"சார்… அந்தக் கடிதம்?"

"மொதல்ல அது நீந்தட்டும்."