நடராஜனுக்குப் போடாத இலை

காலை பத்து மணி நாற்பது. மலாக்கா பேருந்து நிலையத்தில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது, இருக்கை நிறைய வாழையிலைக் கட்டுடன் நின்ற ஒரு மிதிவண்டி ரிக்சா. இந்த ஊரில் அதைப் பெச்சா என்கிறார்கள். சிரம்பானிலிருந்து ஏறத்தாழ ஐம்பது மைல் தூரம். கட்டணம் இரண்டு வெள்ளி. விளக்குக் கம்பங்களில் ஆகஸ்டில் கட்டிய சுதந்திரத் தோரணங்கள் வெளுத்துப்போய் இன்னும் தொங்கின. அன்று போகி. மறுநாள், மலாயா சுதந்திரம் பெற்றபின் வரும் முதல் பொங்கல்.

"காஜா பெராங், கம்போங் செட்டி," என்றேன். மலாக்காவில் பல தலைமுறைகளாக வாழும் செட்டிகளின் குடியிருப்பு அது.

"இந்த இலையும் அங்கதான் போவுது ஐயா. ஐம்பது காசு குடுங்க. கட்ட மட்டும் மடியில வெச்சுக்கணும் லா."

பெச்சாக்காரர் பெயர் முனுசாமி. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்து, அலுத்துப்போய் நகரத்துக்கு வந்தவர். என் அங்கியை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாதிரி மடியில படையல் இலை. உங்க கோயில் ஆளுங்க பாத்தா என்னா சொல்வாங்க?"

"வெயிலுக்குப் பிடிச்சிருக்கேன்னு சொல்லிக்கிறேன்."

அவர் சிரித்தபடி மிதித்தார். "செட்டி ஆளுங்களுக்குப் பேரு தமிழ், சாமி தமிழ். வாயத் தொறந்தா மலாய்தான். மாரியம்மாவே மலாய் கத்துக்கிட்டுத்தான் இங்க குடியிருக்கா ஐயா."

என் மலாய் சந்தையில் காய்கறி வாங்கும் அளவுக்குத்தான் வரும். மொழிபெயர்க்க உள்ளே வரமுடியுமா என்று கேட்டேன். சோறு கிடைக்கும் வீட்டுக்கு வரமாட்டேன் என்று தாம் என்றைக்கும் சொன்னதில்லை என்றார்.

நான் போன வீடு வீராசாமிப் பிள்ளையுடையது. துறைமுகக் கிடங்கில் கிராணி, அதாவது எழுத்தர் வேலை பார்ப்பவர். வயது ஐம்பதுக்கு மேல். அவருடைய கடைசித் தம்பி நடராஜன் சிரம்பான் மருத்துவமனையில் நோயாளிகளுக்குக் கட்டுப்போடும் வேலையில் இருந்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஞானஸ்நானம் பெற்று எங்கள் சபையில் சேர்ந்தார். போன ஜூலையில் காய்ச்சலில் இறந்தார். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் நான்தான் அடக்கம் செய்தேன். போகியன்று அவசியம் வரவேண்டும் என்று அவருடைய அக்காள் லெட்சுமி சொல்லியனுப்பியிருந்தார். எதற்கென்று சொல்லவில்லை.

வாசலில் மாவிலைத் தோரணம். லெட்சுமி மலாய்ப் பெண்களைப் போலக் கெபாயாச் சட்டையும் சாரோங்கும் உடுத்தி, நெற்றியில் திருநீறு பூசியிருந்தார். "மாசோக், துவான் பாதிரி," என்று உள்ளே அழைத்தார். முனுசாமியிடம் வேறு தொனியில் ஏதோ சொன்னார்.

"இலை கிழிஞ்சிருந்தா காசு கெடையாதாம்," என்றார் முனுசாமி. "நீங்கதானே மடியில வெச்சிருந்தீங்க? அவங்க கிட்ட நீங்களே பேசிக்குங்க."

பொங்கலுக்கு முதல் நாள் வீட்டின் முன்னோருக்கு உணவு படைப்பதை இவர்கள் பார்ச்சு என்கிறார்கள். நடு அறையில் பாய் விரித்து, இறந்துபோன ஒவ்வொருவரையும் நினைத்து ஓர் இலை போட்டு, அவரவருக்குப் பிடித்ததைப் பரிமாறுகிறார்கள். தேங்காய்ப்பால் சோறு, கோழி, புளி மீன் குழம்பு, பலகாரம்; சுருட்டுப் பிடித்தவருக்குச் சுருட்டு. பிறகு வீட்டார் எல்லோரும் வெளியே வந்து, வந்தவர்கள் உண்டு முடிக்கக் காத்திருக்கிறார்கள். அதன் பின்பே தாங்கள் உண்கிறார்கள்.

இலைகளைத் துடைத்துக்கொண்டிருந்த லெட்சுமி திடீரென்று கையை நிறுத்தி அண்ணனைப் பார்த்தார். வீராசாமி என் எதிரே வந்து உட்கார்ந்தார். குரலை உயர்த்தாமல், நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

முனுசாமி சொன்னார்: "தம்பிக்கு ஒரு இலை போடணும்ங்குது தங்கச்சி. இவரு வேணாங்குறாரு. அவன் வேற வீட்டுச் செத்தவங்களோட சேந்துட்டான், கூப்பிட்டா வருவானான்னு தெரியலங்குறாரு. அடக்கம் பண்ணினவரு நீங்க. அதனால நீங்கதான் சொல்லணுமாம். இலை போட்டா நடராஜன் வருவானா?"

ஞாயிறுதோறும் பிரசங்க மேடையில் நின்று பதில் சொல்லும் கேள்விதான். இங்கே லெட்சுமி கையில் ஈரத்துணியுடன் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இறந்தவங்க திரும்பி வர்றதில்லைன்னுதான் நாங்க நம்புறோம். நடராஜனும் அப்படித்தான் நம்பினார்."

"அப்படியே சொல்லவா ஐயா?" முனுசாமி குரலைத் தாழ்த்தினார். "நல்ல நாளு. கொஞ்சம் வளைச்சுச் சொல்றேனே."

"வளைக்க வேணாம்."

அவர் சொன்னார். வீராசாமி தலையசைத்தார். அவர் முகத்தில் கோபமில்லை.

"அப்போ அந்த இலை காலியாத்தான் கெடக்கும், காலி இலை வீட்டுக்கு ஆகாதுங்குறாரு. உள்ளதச் சொன்னீங்கன்னு உங்களுக்கு தெரிமா காசே சொல்றாரு," என்றார் முனுசாமி. தெரிமா காசே என்றால் நன்றி.

லெட்சுமி ஓர் இலையைச் சுருட்டிச் சுவரோரம் வைத்தார். மற்ற இலைகள் போடப்பட்டன. சாம்பிராணி காட்டிக் கும்பிட்டுவிட்டு எல்லோரும் வெளியே வந்தோம். மாமரத்தடியில் நின்று காத்திருந்தோம்.

உள்ளே திரும்பியதும் எனக்குத் தனியே சாப்பாடு வந்தது. படைத்த உணவை உண்ணக்கூடாது என்பது எங்கள் சபையின் விதி. அதை எப்படிச் சொல்வது என்று பேருந்தில் வரும்போதே யோசித்து வைத்திருந்தேன். தேவைப்படவில்லை.

"படைக்கறதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சதாம்," என்றார் முனுசாமி. "தம்பி வேதத்துல சேந்தப்பறம் பண்டிகைக்கு வந்தா இப்படித்தான் தனியா எடுத்து வெப்பாங்களாம். பயப்படாம மாக்கான், சாப்பிடுங்க ஐயா."

என் சொந்த ஊரான பாளையங்கோட்டையில் எங்கள் பக்கத்து வீட்டார் பொங்கலன்று எங்களுக்கு மட்டும் பச்சரிசியும் வெல்லமும் தேங்காயும் சமைக்காமல் தட்டில் வைத்து அனுப்புவார்கள். நாற்பது ஆண்டுகள் வாங்கியிருக்கிறோம். அதற்காக அவர்கள் எதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. மீன் குழம்பில் புளி தூக்கலாக இருந்தது. மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

மாலைப் பேருந்துக்குப் புறப்படும்போது லெட்சுமி ஓர் எனாமல் தூக்குச்சட்டியை நீட்டினார். மூடிக்கு மேல், காலையில் சுருட்டி வைத்த இலை. அண்ணன் பார்த்துக்கொண்டிருக்கவே கொடுத்தார்.

"நடராஜனுக்காம்," என்றார் முனுசாமி. "அவன் வரமாட்டான்னு நீங்க சொல்லிட்டீங்க. சரி, அப்போ நீங்க கொண்டுபோங்கன்னு சொல்லுது. இதுவும் படைக்காததுதான். அவன் கிறிஸ்தவன், படைச்சதத் தொடமாட்டான். புளி கூடப் போட்டிருக்கு, காலையில வரைக்கும் தாங்குமாம்."

நான் தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டேன். பேருந்து நிலையம்வரை கொண்டுவிட்டதற்கு முனுசாமி காசு வாங்கவில்லை.

அவசரகாலம் இன்னும் நீங்கவில்லை. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுப் போராளிகளுக்குச் சோறு போய்விடக்கூடாது என்பதால், சில சாலைகளில் பேருந்தை நிறுத்திச் சோதிக்கிறார்கள். தம்பின் என்ற ஊரைத் தாண்டியதும் எங்கள் பேருந்தை நிறுத்தினார்கள். ஓர் இளம் மலாய்க் காவலர் என் தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்தார்.

"சமைத்த சாப்பாடு. யாருக்கு?"

அதற்கு வேண்டிய மலாய் என்னிடம் இருந்தது.

"சிரம்பானில் என் சபையைச் சேர்ந்த ஒருவருக்கு. நடராஜன் என்று பெயர். அவருடைய அக்காள் கொடுத்தனுப்பியது."

அவர் என் அங்கியைப் பார்த்தார். மூடியை அழுத்தி மூடித் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் பொங்கல். விடிந்ததும் கல்லறைத் தோட்டத்தின் கதவைத் திறந்து உள்ளே போனேன். நடராஜனின் சிலுவை அருகே இலையை விரித்து, தூக்குச்சட்டியின் மூடியைக் கழற்றினேன். மீன் கெட்டிருக்கவில்லை.