நிரவிய நிலம்

இந்த நாட்டில் தண்ணீரை நிலத்துக்கு மேலே கட்டி வைக்கிறார்கள். நாங்கள் பாறையை உடைத்துக் கீழே இறங்கித் தேடுகிற சாமானை, இவர்கள் பின்வளவில் தகரச் சுவரை வட்டமாக நிறுத்தி, உள்ளே பிளாஸ்ரிக் விரித்து, குழாயால் நிரப்பி, கோடை முழுக்க அதற்குள் கிடந்து நீந்துகிறார்கள். அந்த நீச்சல் தொட்டிகளுக்கு நிலம் பண்ணுவதுதான் றொரன்ரோவில் எனக்குக் கிடைத்த வேலை. எங்கள் மேற்பார்வைக்காரர் பெயர் மனுவேல், போர்த்துக்கீசர். எங்கள் ஊர்ப்பக்கம் குருநகரிலும் மனுவேல்கள் இருக்கிறார்கள் என்று முதல் நாளே ஆசையோடு சொன்னேன். எப்போது போனவர்கள், அங்கே சம்பளம் நல்லதா என்று கேட்டார்.

ஆங்கிலத்தில் நான் கெட்டிக்காரன் என்ற நினைப்பு எனக்கு. உயர்தர வகுப்பில் அகராதியைப் பக்கம் பக்கமாகப் பாடமாக்கியவன். ஆகவே போன வைகாசியில் மனுவேல் ஒரு வளவைக் காட்டி ‘லெவல்’ பண்ணச் சொன்னபோது ஒன்றும் கேட்காமல் உருளையை எடுத்து உருட்டத் தொடங்கிவிட்டேன். மேடெல்லாம் அமுங்கி நிலம் சீமெந்துத் தரைபோல வந்தது. மனுவேல் நீட்டுப் பலகையொன்றை வைத்து அதன்மேல் மட்டக்கோலை வைத்தார். கண்ணாடிக்குள் இருந்த குமிழி ஒரு மூலைக்கு ஓடியது.

“யூ ஃபிளாற்றன்,” என்றார். “ஐ சே லெவல்.”

எனக்கு ரோசம். இரண்டும் ஒன்றுதானே என்று வாதாடினேன். அவர் மண்வெட்டியால் உயர்ந்த பக்கத்தைச் செதுக்கிப் பள்ளமான பக்கத்தில் கொட்டினார். தொட்டியை நிரப்பினால் பள்ளமான பக்கத்தில் பாரம் கூடி அந்தப் பக்கச் சுவர் வெடிக்கும் என்று கையால் காட்டினார். ஃபிளாற்றன் என்றால் நீட்டிக்கொண்டு நிற்பதை அமுக்கிவிடுவது, அவ்வளவுதான். லெவல் என்றால் மேட்டை எடுத்துப் பள்ளத்தில் போடுவது. ஊரில் என் தகப்பனார், ஐயா, வெங்காயப் பாத்தியில் செய்கிற வேலை. நாங்கள் அதை நிரவுதல் என்போம். பாடமாக்கிய அகராதியில் இது எங்கே போனது என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

ஐயா அப்போது கரவெட்டியில், பெரியம்மா வீட்டில் இருந்தார். இராணுவம் எங்கள் வீட்டையும் சேர்த்து முகாம் போட்டபோது உடுத்த உடுப்போடு எழும்பி வந்தவர்கள் நாங்கள். நான் இங்கு வந்த பிறகு, கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போன மாமா அங்கிருந்து ரெலிபோனில் சொன்னார், றோட்டில் நின்று பார்த்தால் வீடு தெரியவில்லை, இடித்து விழுத்திவிட்டார்கள் என்று. நான் அழுதேன். ஐயா அழவில்லையாம். “வீடு என்ன வீடு? கிணறு கிடக்குதெல்லோ. பக்கத்திலை நாலு கிடுகைக் கட்டிப்போட்டு இருப்பம்” என்றாராம். எங்கள் ஒழுங்கையில் நல்ல தண்ணீர்க் கிணறு அது ஒன்றுதான். இங்கே வந்துவிடுங்கள் என்று நான் கேட்கும்போதெல்லாம் மாமா மூலம் வருகிற பதிலும் அதுதான்: “அங்கை வந்து ஆரின்ரை தண்ணியைக் குடிக்கிறது?” கரவெட்டி வளவில் பெரியம்மா பாத்தி பிடித்துக் கொடுத்தும் ஒரு மிளகாய்க் கன்று அவர் நடவில்லை. ஊருக்குப் போகப் போகிறவன் எதற்கு நட வேண்டும்?

முகாம் எடுபட்டதும் அவர் ஒரு நாளும் பொறுக்கவில்லை. வாளியையும் கயிற்றையும் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு மாமாவோடு புறப்பட்டுவிட்டார். மனுவேலோடு நான் வாதாடிய அதே வாரத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில், மாமா கொழும்பிலிருந்து ரெலிபோன் எடுத்தார்.

“வீடு இடிஞ்சு கிடக்கும் எண்டுதான் போனம். ஒரு கல்லுக் கும்பியும் இல்லைத் தம்பி. மைதானம் மாதிரிக் கிடக்கு. வலை கட்டிப் பந்தடிச்சிருக்கிறாங்கள்.”

“கிணறு?”

“அதுக்கைதானே வீடு கிடக்கு. தள்ளி நிரவிப்போட்டாங்கள்.”

எல்லா வீடும் அதனதன் கிணற்றுக்குள். இடிந்த வீட்டுக்குத் திரும்பிப் போகலாம்; கல்லுக் குவியல் இடம் சொல்லும், கிணறு தண்ணீர் தரும். நிரவிய நிலத்தில் குசினி எது, கிணற்றடி எது என்று பிடிபடாது. ஊர்ச்சனம் காலால் அளந்து அளந்து, இது என்ரை வேலி, இல்லை உது உன்ரை வேலி என்று சண்டை பிடித்ததாம். ஐயா வாளியோடு நடந்து திரிந்தாராம். “அண்ணை, தண்ணி அள்ளவோ வந்தனீங்கள்?” என்று பக்கத்து வளவுக்காரர் பகிடி விட்டாராம். அவர் கையிலும் ஒரு வாளி இருந்ததாம்.

மாமா கொழும்புக்கு வெளிக்கிடும்போது ஐயா ஒன்று சொல்லிவிட்டிருந்தார்.

“கனடாவிலை தண்ணி நல்லதோ எண்டு உன்னட்டைக் கேக்கட்டாம்.”

வருகிறேன் என்று ஐயா சொல்ல மாட்டாரா என்று எத்தனை நாள் காத்திருந்தேன். அது இப்படித்தான் வந்தது. பிறகு சொல்கிறேன் என்று மாமாவிடம் சொல்லி ரெலிபோனை வைத்தேன்.

மறுநாள், நான் நிரவி முடித்த அந்த வளவில் தொட்டியை நிரப்பினோம். மனுவேல் என் முதுகில் தட்டிவிட்டுப் போனார். தண்ணீர் சுற்றிவர ஒரே மட்டத்தில் ஏறியது, ஒரு பக்கமும் சாயவில்லை. யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கையால் அள்ளி வாயில் வைத்தேன். மருந்து மணத்தது. விழுங்கவும் முடியாமல், வீட்டுக்காரருடைய புல்லில் துப்பவும் மனம் வராமல், வாய் நிறையத் தண்ணீரோடு நின்றுகொண்டிருந்தேன்.