லேமினேட் செய்த ரத்தப் பரிசோதனை

எங்கள் குடும்பத்தில் முக்கியமான காகிதம் எதுவாக இருந்தாலும் கடைக்குக் கொண்டுபோய் லேமினேட் செய்துவிடுவோம். ஜொகூர் பாருவின் ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கும், இல்லாவிட்டால் பூச்சி அரிக்கும் என்ற பயம். பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், அம்மாவின் இறப்புச் சான்றிதழ், எல்லாம் பிளாஸ்டிக்குக்குள் பளபளவென்று கிடக்கும். நாயின் ரத்தப் பரிசோதனை அறிக்கை இங்கிலாந்து ஆய்வகத்திலிருந்து ஜொகூருக்கு வந்தபோது, "தொலைச்சிடாதே, உடனே லேமினேட் பண்ணி வை" என்று மெல்பேர்னில் இருந்தபடி தம்பிக்கு உத்தரவு போட்டது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நாளை நினைத்தால் இன்றும் தம்பியைத் திட்டத்தான் வாய் வருகிறது.

அம்மா போன பிறகு அப்பாவை மெல்பேர்னின் மல்கிரேவில் இருக்கும் என் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தேன். வந்தாரே தவிர மனம் ஒட்டவில்லை. அவருடைய நாய் தம்பியிடம் இருந்தது. பதின்மூன்று வயதுக் கிழம். அப்பா அதை நாய் என்று சொல்லமாட்டார், பையன் என்பார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "பையன் வந்துட்டா நான் இங்கயே இருந்துடுறேன். வராட்டி என்னைப் பிடிச்சு வைக்காதே" என்றார். அப்பா சும்மா பேச்சுக்குச் சொல்கிறவர் இல்லை. அன்றிலிருந்து நான் ஆலாய்ப் பறந்தேன்.

நாயின் தோலுக்கடியில் அடையாள எண் உள்ள சிப் வைக்க வேண்டும். பிறகு வெறிநாய்த் தடுப்பூசி, அது பிடித்திருக்கிறதா என்று பார்க்க ரத்தப் பரிசோதனை, அதற்குப் பின் ஆறு மாதக் காத்திருப்பு. ஆஸ்திரேலிய அனுமதியில் ஏதோ ஒரு கட்டத்தைத் தவறாக நிரப்பி, அதைத் திருத்தி வாங்க நாளாயிற்று. இங்கே தனிமைப்படுத்தும் நிலையத்தில் இடம் கிடைக்க இன்னும் நாளாயிற்று. ரத்தம் எடுத்து ஓராண்டுக்குள் நாய் மெல்பேர்னில் இறங்கியாக வேண்டும். எங்களுக்கு மிச்சமிருந்தவை நான்கே நாட்கள். கோலாலம்பூரிலிருந்து நாய் ஏற்றும் விமானத்தில் இடமில்லை, சிங்கப்பூரிலிருந்து இருந்தது. ஆகவே தம்பி காலையில் அரசுக் கால்நடை மருத்துவரிடம் ஒவ்வொரு தாளிலும் முத்திரை வாங்கிக்கொண்டு, நாயைக் காரில் ஏற்றி, ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலம் தாண்டி, மாலை விமானத்தில் சேர்க்க வேண்டும். பாலத்தைத் தாண்டத் தனி அனுமதி. அதையும் வாங்கி அனுப்பியிருந்தேன்.

அன்று அலுவலகத்தில் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு கணினியை வெறித்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குப் பன்னிரண்டு மணி, அங்கே பத்து. தம்பி அழைத்தான்.

"அக்கா, சீல் ஒட்ட மாட்டேங்குது."

"எதுல?"

"பிளட் டெஸ்ட் பேப்பர்ல. பிளாஸ்டிக் மேல மை நிக்கல. டாக்டர் துடைச்சே காட்டிட்டாரு. பேப்பர்லதான் குத்துவாராம்."

எழுந்து கார் நிறுத்துமிடத்துக்கு வந்துவிட்டேன்.

"வேற காப்பி அனுப்பச் சொல்லலாமா?" என்றான்.

"இங்கிலாந்துலேர்ந்து வந்து சேர ஒரு வாரம் ஆகும். நமக்கு நாலு நாள். பிளாஸ்டிக்கைப் பிரி."

"கிழிஞ்சிடும்க்கா."

"பிளேடு வாங்கு. ஓரத்துல கீறி மெதுவா இழு. நான் பார்த்துக்கிட்டே இருக்கேன்."

வீடியோவில் பார்த்தேன். கார் முன்மூடியின் மேல் தாளை வைத்து இழுத்தான். பின்னால் ஜன்னல் வழியே நாய் தலையை நீட்டி, நாக்கைத் தொங்கப்போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. மேல்பாதி சுத்தமாக வந்தது. நான் அவசரப்பட்டுப் பெருமூச்சுகூட விட்டேன். அடுத்த இழுப்பில் எழுத்து பிளாஸ்டிக்கோடு போய்விட்டது. சிப் எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்கள் இருந்த இடத்தில் தாள் பஞ்சுபோல் வெளுத்திருந்தது.

மருத்துவர் கோபிக்கவில்லை. எண் இல்லாத தாள் எந்த நாய்க்கும் பொருந்தும் என்று மலாயில் சொன்னாராம். முத்திரைக் கட்டையை மேசைக்குள் வைத்துவிட்டாராம்.

"பாலத்துக்குப் போ" என்றேன்.

"சீல் இல்லாமயா? அக்கா, விளையாடாதே லா."

"பிளாஸ்டிக்கையும் எடுத்துட்டுப் போ. கேட்டுத்தான் பாரேன்."

போனான். நான் சொன்னால் தட்டமாட்டான், அதுதான் அவனுக்குப் பிடித்த சனி. ஒரு மணி நேரத்துக்கு மேல் வரிசை. கைபேசியில் ஹாரன் சத்தமும் நாய் மூச்சு வாங்குவதும் மாறிமாறிக் கேட்டன. வெயிலில் அதற்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று வேறு பயம். மலேசியப் பக்கம் விட்டுவிட்டார்கள். சிங்கப்பூர்ப் பக்கம் ஒரு பெண் அதிகாரி, தாளின் மேல் பிளாஸ்டிக்கை வைத்து நகர்த்திப் பொருத்தினார். எண் முழுசாகத் தெரிந்தது. நாயின் தோளில் கருவியை வைத்துப் பார்த்தார். அதே எண். "மேட்ச் ஆகுதுக்கா" என்று தம்பி கிசுகிசுத்தான். கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டேன்.

பிறகு அவர் முத்திரை எங்கே என்று கேட்டார்.

தம்பி என்னென்னவோ சொன்னான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் விட்டாலும் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். அப்புறம் இது எந்த நாட்டுக்கும் இல்லாமல் நிற்கும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். காரைத் திருப்பிவிட்டார்கள். நாய் ஏற்றும் அடுத்த விமானம் அடுத்த வாரம்தான், அதற்குள் எங்கள் நான்கு நாள் முடிந்துவிடும்.

நான் வீட்டுக்குப் போனபோது அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய் உட்கார்ந்தார். வழியெல்லாம் ஆய்வகத்தின் மேலும் மருத்துவரின் மேலும் பழிபோட வாக்கியங்கள் தயாரித்திருந்தேன்.

"தப்பு என்னோடதுப்பா. லேமினேட் பண்ணச் சொன்னதும் நான்தான், பிரிக்கச் சொன்னதும் நான்தான்."

"மறுபடி எத்தனை நாள்?"

"திரும்ப ரத்தம் எடுக்கணும். அதுக்கப்புறம் ஆறு மாசம்."

அப்பா எழுந்து தன் அறைக்குப் போனார். அழப்போகிறார் என்று நினைத்தேன். பாஸ்போர்ட்டோடு வந்து அதை என் முன்னால் வைத்தார்.

"எனக்கு இது ஒண்ணு போதும்ல?" என்றார். குத்திக்காட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

போகாதீங்க என்று சொல்லும் உரிமையை நானே பிளேடு போட்டுக் கிழித்திருந்தேன். கணினியைத் திறந்து ஜொகூருக்கு டிக்கெட் தேடினேன். மறுநாள் காலையிலேயே இருந்தது. பெயர், பாஸ்போர்ட் எண், புறப்படும் தேதி என்று நிரப்பிக்கொண்டே வந்து, திரும்பும் தேதியில் நிறுத்தி அவரைப் பார்த்தேன்.

"அதை விட்டுடும்மா" என்றார் அப்பா.