உங்கள் தாத்தா கலக்காத ஜாக் ரோஸ்

பிள்ளைகளே, ரந்தாவ் பக்கத்துப் பழைய துரை பங்களா ஹோட்டலில் அப்பா ஏன் இப்போது கிளாஸ் மட்டும் கழுவுகிறார் என்று அம்மாவைக் கேட்டீர்களாம். நானே எழுதிவிடுகிறேன். நான் தப்பு செய்தேன், உண்மைதான். ஆனால் நீங்கள் நினைக்கிற தப்பு இல்லை.

ஜாக் ரோஸ் என்று ஒரு மதுக்கலவை உண்டு. ஆப்பிள் பிராந்தி, எலுமிச்சைச் சாறு, மாதுளைப் பாகு, ஐஸ். குலுக்கி ஊற்றினால் ரோஜா நிறம். கேஎல்லில், கோலாலம்பூரில், பார் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்டேன். அது அமெரிக்காச் சரக்கு. அங்கே குளிர்காலத்தில் புளித்த ஆப்பிள் சாற்றை வெளியே வைத்துவிடுவார்களாம். உறைந்த பனிக்கட்டியை அள்ளி எறிந்தால் மிஞ்சுவது சாராயம். அந்த ஆப்பிள்ஜாக்கிலிருந்து ஜாக், நிறத்திலிருந்து ரோஸ் என்கிறார்கள். வேறு கதைகளும் சொல்வார்கள். ஆனால் எந்தக் கதையிலும் நம் மாநிலம் நெகிரி செம்பிலான் வராது.

எங்கள் ஹோட்டல் மேனேஜர்தான் அதை வரவைத்தார். நம்மாள்தான், கேஎல்காரர். நான் அந்தப் பங்களாவைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில், பிறந்தவன் என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அண்ணே, வர்றவங்களுக்குக் கதைதான் வேணும் லா. இதே பங்களாவுல உங்கப்பா கண்டுபிடிச்சதுன்னு சொல்லுங்க. யாரு செக் பண்ணப் போறா?"

மெனு அட்டையிலும் உங்கள் தாத்தா பெயரை அச்சடித்து மேசைக்கு மேசை வைத்துவிட்டார். இரண்டு வாரம் அந்தப் பொய்யைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அதுதான் நான் செய்த தப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெம்பாவிலிருந்து ஓர் அம்மா மகனோடு சாப்பிட வந்தார். தோட்டத்தில் உங்கள் தாத்தாவுக்கு அடுத்த மர வரிசையில், அடுத்த நிரையில், பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். மகன் அட்டையைப் படித்துக் காட்டியதும் என்னைக் கூப்பிட்டார்.

"ஏன்யா, உங்கப்பா எந்த நிரையில ஆப்பிள் வெட்டுனாரு?"

மகன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

"நீ பொறக்குறப்ப உங்கம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லோரி கேட்டு இந்த முன்படியில ஏறுனாரு. காலையில பேர் கூப்பிடுற பெரட்டுல அத்தனை பேருக்கு முன்னால நிக்க வச்சு, மூணு நாள் வேலை இல்லேன்னு வெரட்டுனாங்க. இங்கயா அவரு குலுக்கி ஊத்துனாரு?"

எவ்வளவு அநியாயம் பாருங்கள். படியில் ஏறியதற்குத் தண்டித்தார்கள். செத்த பிறகு, உள்ளே நின்று துரைக்கு ஊற்றிக் கொடுத்தார் என்று எழுதுகிறார்கள். அவர் வெட்டிய மரங்களைப் பற்றி அட்டையில் ஒரு வரி உண்டா? கிடையாது. அதைக் கேட்க யார் காசு கொடுப்பார்கள்? இதற்கு நானும் வாயைக் கொடுத்தேனே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அன்று மாலை ஒரு மேசையில் கதை கேட்டார்கள். இது அமெரிக்காவில் பிறந்தது, என் அப்பா இந்தத் தோட்டத்தில் மரம் வெட்டினவர், இந்தப் பங்களாவுக்குள் அவரை விட்டதே இல்லை என்று நிதானமாகச் சொன்னேன். அவர்கள் தலையாட்டிவிட்டு இன்னும் இரண்டு கிளாஸ் கேட்டார்கள். பின்னால் மேனேஜர் நின்றிருந்தார்.

மறுநாளே என்னைப் பின்கட்டுக்கு அனுப்பிவிட்டார். இப்போது முன்னால் நிற்பவர் தம்பின் ஊர்க்காரர். அவரும் தன் அப்பா கண்டுபிடித்ததாகத்தான் சொல்கிறார். அவருடைய அப்பா பஸ் ஓட்டினவராம். கேட்கக் கேட்க வயிறு எரிகிறது. ஆனால் உங்கள் தாத்தாவை விட்டுவிட்டார்கள், அட்டைகளை எல்லாம் மாற்றிவிட்டார்கள். பழையவற்றைக் குப்பையில் போடச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தார்கள். உங்கள் தாத்தா பெயர் இருந்த இடத்தை மட்டும் ஒவ்வொன்றிலும் கிழித்து எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் போட்டேன்.