முகத்தில் பூசிய அவகேடு

பெண் பார்க்க வருகிற நாளில் பெண்ணைப் பெற்றவன் முகத்துக்கு என்ன வேலை என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எதையும் கேட்டுப் பழக்கமில்லாத ஆள் நான். பதினைந்து வருடமாக இறால் கம்பெனியில், இறாலைத் தரம் பிரிக்கும் மேசையில் நிற்கிறேன். கையில் ரப்பர் கையுறை, தலையில் தொப்பி, வாயை மூடி ஒரு துணி. கூச்சப்படுகிறவனுக்கென்றே யாரோ யோசித்து ஏற்பாடு செய்த வேலை.

மாப்பிள்ளைப் பையனுக்குத் துறைமுகத்தில், கன்டெய்னர் ஏற்றி இறக்கும் இடத்தில் வேலை. என் மகளுக்கு அவனைப் பிடித்திருந்தது. அதை அவள் தன் அம்மாவிடம் சொல்ல, என் மனைவி என்னிடம் சொன்னாள். பையனுக்கு அப்பா இல்லை. குடித்து ஈரல் கெட்டுப் போனவர். அம்மா ஓர் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்து அவனை வளர்த்தவர். நகை, சீர் என்று எதையும் அவர் கேட்கவில்லை. “குடிக்கிற வீடு மட்டும் வேண்டாம்” என்று தரகரிடம் சொல்லியிருந்தார். நான் சோடாவைக்கூட யோசித்துத்தான் குடிப்பேன். எனவே நிம்மதியாக இருந்தேன்.

முந்தின நாள் மகள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

“எப்பா, ஐஸ்லயே நின்னு நின்னு ஒங்க மூஞ்சி கருவாடு மாதிரி ஆயிட்டு. போட்டோவுல எப்படி விழும்?”

செல்போனில் ஒரு படம் காட்டினாள். ஒரு பெண் முகம் முழுக்கப் பச்சையாக எதையோ அப்பிக்கொண்டு சிரித்தாள். அது ஏதோ வெளிநாட்டுப் பழமாம்; அதை வாங்கிவர என்னை அனுப்பினாள்.

பழக்கடை வாசலில் சிலேட்டில், ‘அவகேடு வந்துவிட்டது’ என்று சாக்பீஸால் எழுதி வைத்திருந்தார்கள். தெருவே அதைப் படித்துவிட்டு நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தது. நானும் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மகள் சொன்ன ‘அவகாடோ’ என் காதிலும் அப்படித்தான் விழுந்திருந்தது. ஆகவே சரியான கடைக்கு வந்துவிட்டோம் என்று சந்தோஷப்பட்டேன்.

“ஹார்ட்டுக்கு நல்லது, சுகருக்கு நல்லது, முடிக்கு நல்லது, மூட்டுக்கு நல்லது” என்று கடைக்காரர் ஒரு பழத்தை அமுக்கிக் காட்டினார்.

“கெடுதி ஏதும் உண்டா அண்ணாச்சி?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“பழத்துல என்ன கெடுதி? தின்னா உள்ள வேலை செய்யும், பூசுனா வெளிய வேலை செய்யும்.”

இரண்டு வேலையையும் அது பாக்கி வைக்காமல் செய்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் பழத்தை மசித்துத் தேன் கலந்து என் முகத்தில் பூசினாள். கிண்ணத்தில் கொஞ்சம் மிஞ்சியது. “வீணாக்காதீய, தின்னுருங்க” என்றாள் மனைவி. தின்றேன். வெண்ணெய்க்கும் சோப்புக்கும் சம்பந்தம் செய்து வைத்ததுபோல ஒரு ருசி. கொஞ்ச நேரத்தில் கன்னம் எரிந்தது.

“எரியுதும்மா.”

“அப்படித்தாம்ப்பா இருக்கும். வேலை செய்யுது.”

எரிகிற எதுவும் வேலை செய்கிறது என்று நம்புகிற ஊர் இது. நானும் நம்பினேன். முகத்தைக் கழுவிக் கண்ணாடியில் பார்த்தபோது கண் இரண்டும் கீறல் போல இருந்தன. கன்னம் சிவந்து தடித்திருந்தது. உதடு பணியாரம்போல உப்பியிருந்தது.

அந்த நேரத்தில்தான் என் மனைவியின் தம்பி எட்டயபுரத்திலிருந்து வந்து இறங்கினான்.

“என்னத்தான், யாரு அடிச்சா?”

விஷயத்தைச் சொன்னதும் தலையில் கைவைத்துக்கொண்டான். “பழம் பூசுனேன்னு வெளிய சொல்லிராதீய. ஆம்பள அழகுக்குப் பூசுனாம்னு தெரிஞ்சா தெருவுல நடக்க முடியாது. நான் பேசிக்கிடுதேன்.”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. குடித்துவிட்டுச் சாக்கடையில் விழுந்தவனைத் தூக்கிவிட எங்கள் தெருவில் நாலு பேர் வருவார்கள். முகத்துக்குப் பூச்சுப் போட்டவனுக்கு ஒருத்தரும் வரமாட்டார்கள். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் கேட்டிருந்த அந்த ஒரே நிபந்தனை அவனுக்குத் தெரியாது. அதைச் சொல்ல எங்களுக்கும் நேரமில்லை. வாசலில் வேன் வந்து நின்றுவிட்டது.

பையனின் அம்மா உட்கார்ந்ததும் என்னைத்தான் பார்த்தார். மைத்துனன் முந்திக்கொண்டான்.

“அத்தானுக்குச் சந்தோசம் தாங்கல. நேத்து ரெண்டு ரவுண்டு கூடப் போயிட்டு. ஆம்பளன்னா அப்படி இப்படி இருக்கத்தானே செய்யும்.”

அந்த அம்மா கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்தார். “ஏலே, எந்திரி” என்றார் மகனிடம். பையன் ஒருமுறை உள்ளறைப் பக்கம் பார்த்துவிட்டு எழுந்தான். கதவோரம் நின்ற என் மகளின் முகம் சுருங்கியது.

நான் எழுந்தேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் நானாக எழுந்து பேசியது அதுதான் முதல் தடவை. “நான் குடிக்கல” என்றேன். உதடு இருந்த இருப்பில் அது, “நான் குளிக்கல” என்று வெளியே வந்தது.

“சரிதான், இன்னும் குளிக்கவும் இல்லையாம்” என்றார் கூட வந்த பெரியவர்.

அடுக்களைக்குப் போய்க் கிண்ணத்தையும் பழத்தோலையும் எடுத்து வந்து அவர்கள் முன்னால் வைத்தேன். “மூஞ்சில அவகேடு பூசினேன்.”

“என்ன கேடு?” என்றார் பெரியவர்.

“அழகுக்கு” என்றேன். மைத்துனன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

அந்த அம்மா எனக்கு முன்னால் வந்து நின்றார். “ஊதுங்க.” போலீஸ்காரர் கேட்பது போலவே கேட்டார். ஊதினேன். தேன் வாசனைதான் போயிருக்கும். அவர் முகம் மாறியது. “வாயத் தொறங்க. மூச்சு முட்டுதா?”

“கொஞ்சம்.”

“தின்னவும் செஞ்சீயளா? உதடு வீங்குனா தொண்டையும் வீங்கும். எல்லாரும் வண்டில ஏறுங்க.”

பெண் பார்க்க வந்த வேன் எங்களையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனது. ஊசி போட்டார்கள். மூச்சு சீரானதும் டாக்டர் என் வேலையைக் கேட்டார்.

“ரப்பர் கையுறை போட்டா அரிக்குமா?”

“அரிக்கும்.”

“பலூன் ஊதுனா?”

“உதடு தடிக்கும்.”

“வாழைப்பழம்?”

“நாக்கு ஊறும்.”

ரப்பர் பால் ஒத்துக்கொள்ளாத சிலருக்கு இந்தப் பழமும் ஒத்துக்கொள்ளாது, உடம்பு இரண்டையும் ஒரே எதிரியாக நினைத்துக்கொள்ளும் என்றார். மற்றவர்கள் தின்னலாம், நான் தொடவே கூடாது. கையுறையையும் மாற்ற வேண்டும். இதை இத்தனை வருடம் யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டார். சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் வாழைப்பழம் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒருவன் சொன்னால், கோளாறு பழத்தில் என்று யாரும் நினைக்க மாட்டார்கள், அவன் தலையில் என்பார்கள்.

அந்த அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“பதினஞ்சு வருசமா அரிப்ப வெளிய சொல்லாம இருந்திருக்கீய. எங்க வீட்டுக்காரரும் வலிக்குன்னு ஒருநாள் சொன்னதில்ல.” என் மகளைத் திரும்பிப் பார்த்தார். “நீயும் ஒங்கப்பா மாதிரிதானா?”

“இல்ல அத்தை, நான் சொல்லிருவேன்.”

யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவளாகச் சொன்ன அத்தை. அதுவரை அந்த அம்மாவை அவள் எந்த முறையும் வைத்துக் கூப்பிடவில்லை. பையன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். அந்த அம்மா பையிலிருந்து, எங்கள் வீட்டில் வைத்துக் கொடுக்கவென்று கொண்டுவந்திருந்த மல்லிகைப்பூவை எடுத்து மகள் தலையில் வைத்தார்.

“எங்களுக்குச் சம்மதம். ஒங்களுக்கு?”

நான் தலையாட்டினேன்.

“வாயால சொல்லுங்க.”

உதடு ஒட்டாமல் போய்விடுமோ என்ற பயத்தில் முழு மூச்சையும் கூட்டி, “சம்மதம்” என்றேன். நாலு கட்டில் தள்ளி நின்ற நர்ஸ் திரும்பிப் பார்த்து, “அண்ணாச்சி, இங்கன சத்தம் போடக் கூடாது” என்றார்.