மூன்று நாள் தலைவலி

செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கும் நாள். உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் பன்னிரண்டு வருடமாக நர்ஸாக இருக்கிறேன். அன்று வரிசையில் இருந்த யாரும் மாத்திரையைப் பற்றியோ ஊசியைப் பற்றியோ பேசவில்லை. எல்லோர் வாயிலும் முந்தைய நாள் டிவி தொடர்தான்.

வெள்ளைக்காரர் காலத்து மிஷன் ஆஸ்பத்திரியைப் பற்றிய தொடர் அது. அந்த எபிசோடில் நிறைமாதக் கர்ப்பிணிக்கு வலிப்பு வருகிறது. வெள்ளைக்கார டாக்டர் ஆபரேஷன் செய்கிறார். குழந்தை பிழைக்கிறது, தாய் செத்துப்போகிறாள். ஊர் மருத்துவச்சி ஆஸ்பத்திரி வாசலில் மண்ணை வாரித் தூற்றுகிறாள்.

"கத்தி வச்சதாலதான் பூட்டா," என்றாள் ஒருத்தி.

"மருத்துவச்சி கையில வுட்டிருந்தா பொயச்சிருப்பா," என்றாள் இன்னொருத்தி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானும் பார்த்தேனே! முதல் பத்து நிமிடத்திலேயே எல்லாவற்றையும் காட்டிவிடுகிறார்கள். கால் வீங்கி மெட்டியைக் கழற்ற முடியவில்லை. தலைவலி, கண் மங்கல் என்று அந்தப் பெண் மூன்று நாள் அழுகிறாள். மருத்துவச்சி கஷாயம் கொடுத்து வீட்டிலேயே வைத்திருக்கிறாள். இதெல்லாம் வலிப்பு வரப்போவதன் அறிகுறி என்று கதை எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது; பார்த்தவர்கள் கண்ணில்தான் படவில்லை.

மத்தியானம் யூடியூபில் அதே எபிசோடைத் திறந்தேன். கீழே நூற்றுக்கணக்கில் கருத்துகள். மருத்துவச்சி நடிப்பு அருமையாம், டாக்டர் கொலைகாரனாம். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் தாய் பிழைத்திருப்பாள் என்று நான் எழுதினேன். "ஆஸ்பத்திரிக்கு ஆள் பிடிக்கிறீங்களா மேடம்?" என்று ஒருவர் கேட்டார். அதற்கு ஏகப்பட்ட சிரிப்பு எமோஜிகள்.

மறுநாள் மானாம்பதியில் ஒரு வீட்டுக்குப் போனேன். எட்டு மாதக் கர்ப்பிணி, செவ்வாய்க்கிழமை வராதவள். ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. பாதம் வீங்கியிருந்தது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன்.

மாமியார் குறுக்கே வந்து நின்றாள். "இன்னா நர்சம்மா, சீரியல் பாக்கலியா நீ? அந்தப் பொண்ணையும் இப்பிடித்தான் இட்டுனு போனானுங்க. பொணமாத்தான் வந்துச்சி."

விளக்கினேன், கெஞ்சினேன், கத்தியும் பார்த்தேன். அவள் அசையவில்லை. கடைசியில் ஆத்திரத்தோடு போனை எடுத்து அந்த முதல் பத்து நிமிடத்தை ஓட்டினேன்.

மாமியார் மருத்துவச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மருமகள் திரையையும் தன் காலையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"எனக்கும் இப்பிடித்தான் கீது, அத்தே."

"இன்னாடி சொல்ற?"

"மூணு நாளா தலவலி. கண்ணு மசமசன்னு கீது. நீ திட்டுவேன்னு சொல்லல."

மாமியார் வழியைவிட்டு விலகினாள். நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். மருமகள் தானாகவே எழுந்து சேலையை மாற்றிக்கொண்டாள்.

அன்று மாலையே ஆபரேஷன் செய்துவிட்டார்கள். பெண் குழந்தை. எடை குறைவு என்று சில நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். தாய்க்கு ஆபத்தில்லை.

தடுப்பூசிக்குக் குழந்தையை மாமியார்தான் தூக்கிக்கொண்டு வந்தாள். இனியாவது நாலு பேருக்கு எடுத்துச் சொல்வாள் என்று நினைத்து, "இப்ப இன்னாம்மா சொல்ற?" என்றேன்.

"நம்ம டாக்டரு தங்கமான மனுசன்," என்றாள். "அந்த வெள்ளக்காரன்தான் படுபாவி. மருத்துவச்சிகிட்டயே வுட்டிருக்கலாம்."

ஊசியை எடுத்தேன்.